ரெண்டு மணி பதினோரு நிமிஷம்

இல்லைங்க ஐயா, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. மலைப்பாதையில வெளியே பாத்தா எனக்குத் தலை சுத்தும். கையில கவர் வச்சிருக்கேன், பயப்படாதீங்க, உங்க மேல எதுவும் வராது. பையை மட்டும் கீழே உங்க காலுகிட்ட வச்சுக்கிறேன். மடியில வச்சா வயித்தை அமுக்குது.

முழங்கை மடிப்புல பஞ்சு ஒட்டியிருக்கே, ரத்தம் எடுத்தாங்களா? காலையில முதல் பஸ்ஸுல இறங்கி, ரத்தம் கொடுத்துட்டு, இப்பத் திரும்புறீங்களா. சர்க்கரையா? சரி சரி. ரிசல்ட்டுக்கு நாளைக்கு மறுபடியும் இறங்கணுமாக்கும். கஷ்டம்தான். பிஸ்கட் இருக்கு, சாப்பிடுறீங்களா? வேண்டாமா.

நான் எங்கே போறேனா? டிக்கெட் கடைசி வரைக்கும் எடுத்திருக்கேன். எங்கே இறங்குறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

பேசிக்கிட்டே வந்தா எனக்கு வாந்தி வராது. அதனால உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா கொஞ்சம் பேசுறேன். நீங்க பதில் எதுவும் சொல்ல வேண்டாம். சும்மா 'ம்' கொட்டிட்டு வந்தா போதும்.

என் பேரு அழகுராஜா. ஊரு ஒட்டன்சத்திரம். அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குறார். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான்தான். பெருமைக்குச் சொல்லலை. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கு, முதல் பட்டதாரின்னு. அதை அப்பா லேமினேட் பண்ணி, முருகன் படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கார். வர்றவங்க போறவங்க எல்லாம் அதைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். முதல் ஆளு தப்புப் பண்ணிட்டா, அந்தத் தப்பும் அந்தக் குடும்பத்துக்கே முதல்தானே. முன்னாடி இப்படி ஒருத்தன் பண்ணினான், சமாளிச்சு வந்துட்டான்னு சொல்ல ஆளே கிடையாது.

அதனாலதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருவேன். இந்தா பாருங்க, சட்டைப் பையில நோட்டு. எத்தனை மணிக்கு யாரு போன் பண்ணினாங்க, நான் என்ன செஞ்சேன், எல்லாம் இருக்கும். பொய்யா ஒரு வரி இருக்காது. வேணும்னா எந்தப் பக்கத்தை வேணும்னாலும் திறந்து பாருங்க.

கீழே திண்டுக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல வேலை. செக்‌ஷன்னா நான் ஒருத்தன்தான். எனக்கு முன்னாடி ஃபெலிக்ஸ்னு ஒருத்தர் இருந்தார். மஸ்கட்டுக்கு வேலை கிடைச்சுப் போயிட்டார். அவர் கிளம்பி ஒரு வாரம் கழிச்சுத்தான் நான் சேர்ந்தேன். நேர்ல பாத்ததே இல்லை. ஒரு மேசை, ஒரு கொத்துச் சாவி, ஒரு சர்வர். இதுதான் அவர் எனக்கு விட்டுட்டுப் போனது.

சர்வர்னா, ஆஸ்பத்திரியில இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நிக்கிற பெரிய கம்ப்யூட்டர்னு வச்சுக்கங்க. யாரு என்ன டைப் பண்ணினாலும் அதுக்குள்ளதான் போய் விழும். அதோட ஆபரேட்டிங் சிஸ்டம் ரொம்பப் பழசாயிருச்சு. இனிமே இதைக் கவனிக்க மாட்டோம்னு கம்பெனியே கைகழுவிட்டாங்க. புதுசு போட்டே ஆகணும். போன வருஷம் ஆகஸ்டுல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்து நான்தான் போட்டேன்.

போடுறது பெரிய வேலை இல்லைங்க ஐயா. அதுவே போட்டுக்கும். போட்ட பிறகுதான் வேலையே. இப்ப ரெடிமேட் சட்டை எடுக்குறோம். தோள் ஒருத்தருக்கு ஏறும், கை ஒருத்தருக்குத் தொங்கும். தையல்காரர்கிட்டக் கொடுத்தா இங்கே கொஞ்சம் பிடிச்சு, அங்கே கொஞ்சம் விட்டுக் கொடுப்பார். அதே மாதிரிதான். கம்பெனிக்காரன் ஊர் உலகத்துக்கே பொதுவா ஒரு அளவு வச்சு அனுப்புவான். எத்தனை பேரு ஒரே நேரத்துல உள்ளே வரலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், இப்படி நூத்துக்கணக்குல அளவு. நம்ம இடத்துக்கு ஏத்த மாதிரி நாமதான் கூட்டணும், குறைக்கணும். புதுசு போட்டதும் பழைய அளவெல்லாம் போயிரும். திரும்ப ஒவ்வொண்ணா எழுதணும்.

ஃபெலிக்ஸ் அந்த அளவெல்லாம் ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருந்தார். முப்பத்தொரு வரி. அப்படியே எடுத்துப் புதுசுல ஒட்டியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா நான் அப்படிச் செய்ய மாட்டேன். புரியாததை எப்படி ஒட்டுறது? ஒவ்வொரு வரியா எடுத்து, இது எதுக்கு, இந்த எண்ணு எதுக்குன்னு படிச்சு, காரணம் தெரிஞ்சதை மட்டும்தான் புதுசுல சேர்த்தேன். பக்கத்துலயே காரணமும் எழுதினேன். ஒன்பது நாள் ஆச்சு. முப்பது வரிக்குக் காரணம் கிடைச்சிருச்சு.

ஒண்ணே ஒண்ணுக்குக் கிடைக்கலை. அந்த வரிக்குப் பக்கத்துல ஃபெலிக்ஸ் காரணம்னு எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இருதயமேரி அக்காவுக்காக.'

என்னங்க ஐயா?

ஒண்ணும் இல்லையா. சரி.

இருதயமேரி அக்கா எங்க ஆளுதான். மலை மேல எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னக் கிளை இருக்குல்ல, அதுல லேப் பாத்தவங்க. பத்தொன்பது வருஷமாத் தனியாளா. போன்லதான் எனக்குப் பழக்கம். அவங்க பேரு எதுக்கு சர்வருக்குள்ள இருக்கணும்? எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்துச்சு. ஏதோ பாசத்துல எழுதியிருக்கார்னு நினைச்சேன். காலேஜ்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, மெஷினுக்குள்ள மனுஷங்க பேரு இருக்கக் கூடாது, காரணம்தான் இருக்கணும். ஃபெலிக்ஸுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ரெண்டு நாள் பாத்தேன், பதில் இல்லை. அந்த வரியை விட்டுட்டேன். கம்பெனி வச்ச அளவே இருக்கட்டும்னு.

விட்டதையும் எழுதி வச்சேன். 'காரணம் தெரியாததால் சேர்க்கப்படவில்லை.' தேதியோட இருக்கு.

அது என்ன வரின்னு கேக்க மாட்டீங்க, இருந்தாலும் சொல்றேன். இப்ப நான் பேசிட்டே இருக்கேன், நீங்க 'ம்' கொட்டுறீங்க. போன்ல பேசும்போதும் அப்படித்தானே? எதிர்ல இருந்து கொஞ்ச நேரம் சத்தமே வரலைன்னா, ஹலோ, லைன்ல இருக்கீங்களான்னு கேப்போம். மெஷினும் அப்படித்தான். ஒருத்தர் உள்ளே வந்துட்டு எதுவும் டைப் பண்ணாம இருந்தா, இருக்கியான்னு சர்வர் ஒரு குரல் கொடுக்கும். அந்தப் பக்கம் இருந்து ஒரு 'ம்' வரும். எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் அப்படிக் கேக்கணுங்கிற அளவுதான் அந்த வரி. ஃபெலிக்ஸ் ரெண்டு நிமிஷம்னு வச்சிருந்தார். கம்பெனிக்காரன் வச்ச அளவு ரெண்டு மணி நேரம்.

கீழே ஆஸ்பத்திரிக்குள்ள ரெண்டு மணி நேரம்னாலும் ஒண்ணும் ஆகாது. எல்லாம் ஒரே வயர். நான் சோதிச்சதெல்லாம் கீழேதான். நாப்பத்திரண்டு இடம் போய் உக்காந்து சோதிச்சேன். மலைக்கு மட்டும் போகலை. போனா ஒரு நாள் முழுசாப் போயிரும், பஸ்ஸுல வாந்தி வேற. அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"அக்கா, புதுசு போட்டிருக்கேன். வேலை செய்யுதா?"

"இருப்பா தம்பி, கண்ணாடியைப் போட்டுக்கறேன்... ம், செய்யுதுப்பா. பழசை விட வெரசாத் திறக்குது. நல்லா இருப்பே."

டிக் போட்டேன். அந்த நிமிஷம் வேலை செஞ்சுச்சு. அது பொய் இல்லை.

ஆனா மலை லைன் வேற மாதிரி. மொபைல் சிம் போட்ட ஒரு பெட்டி வழியாத்தான் வருது. அந்த வழியில அஞ்சு நிமிஷம் சத்தமே இல்லைன்னா, ஆள் போயாச்சுன்னு லைனை அத்து விட்டுரும். சொல்லிட்டு அறுக்காது. ரெண்டு பக்கத்துக்கும் தெரியாது. ஃபெலிக்ஸ் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடுக்க வச்சது அதுக்குத்தான்.

அதுல அக்காவோட வேலை முறை ஒண்ணு இருந்துச்சு. மத்த லேப்ல எல்லாம் ரத்த அணுவை எண்ணி முடிச்சு, பேப்பர்ல குறிச்சு, அப்புறம் கம்ப்யூட்டரைத் திறப்பாங்க. அக்கா அப்படிச் செய்ய மாட்டாங்க. முதல்ல அந்த நோயாளியோட பக்கத்தைத் திறந்து, பேரை வாய்விட்டு ஒரு தரம் படிச்சுட்டுத்தான் ஸ்லைடை மைக்ராஸ்கோப்புல வைப்பாங்களாம். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிரக் கூடாதுன்னு. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட மாறினதில்லைன்னு சொல்லுவாங்க. பேரைத் திறந்து வச்சுட்டு எண்ணுவாங்க; சாதாரணமா நாலு நிமிஷத்துல முடிஞ்சிரும், எண்ணு ரொம்பக் குறைஞ்சிருந்தா மட்டும் மறுபடி மறுபடி எண்ணிப் பாத்துக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரம் லைன்ல சத்தம் இல்லை. லைன் அந்து போயிரும். அவங்க எண்ணி முடிச்சு வந்து எண்ணை அடிப்பாங்க, கட்டத்துக்குள்ள எண்ணு தெரியும், என்டர் அடிப்பாங்க. போயிருச்சுன்னுதான் யாருக்கும் தோணும். எங்கேயும் போகலை. அவங்க மேசையிலேயே நிக்குது. சர்வர் மட்டும் அவங்க இன்னும் உள்ளேதான் இருக்காங்கன்னு நினைச்சு, அந்தப் பக்கத்தை வேற யாரும் தொட முடியாமப் பூட்டியே வச்சிருக்கும்.

கேக்குறீங்களா? 'ம்' கொட்டுறதை நிறுத்திட்டீங்களே. தூக்கம் வந்தாச் சொல்லுங்க, நிறுத்திக்கிறேன்.

இல்லையா? சரி.

இது பெரும்பாறையா? வேகமா வந்துட்டான் இன்னிக்கு.

ஐப்பசியில மழை பிடிச்சுச்சே, ஞாபகம் இருக்கா. மலையெல்லாம் டெங்கு. வீட்டுக்கு ஒருத்தர் காய்ச்சல்ல கிடந்தாங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது, மேலதானே இருக்கீங்க. காய்ச்சல்காரங்க எல்லாருக்கும் ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட், எண்ணணும். அக்கா ஒருத்தர்தான். காலையில எட்டு மணிக்கு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அந்த மைக்ராஸ்கோப்புதான். அவங்க அடிக்கிற எண்ணைக் கீழே இருக்கிற டாக்டர் திரையில பாப்பார். இருபதாயிரத்துக்குக் கீழே போச்சுன்னா உடனே ஆம்புலன்ஸ் அனுப்பணும். அதான் ஏற்பாடு. போன்ல ரிசல்ட் சொல்லக் கூடாதுன்னு ஒரு சர்க்குலர் வேற. எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாகணும்னு ஆய்வுக்கு வந்தவங்க சொல்லிட்டுப் போயிருந்தாங்க.

அந்த மாசம் எனக்கு அக்காகிட்ட இருந்து போன் வர ஆரம்பிச்சுச்சு.

"தம்பி, திரை அப்படியே நிக்குதுப்பா. மூடித் திறந்தேன். இப்ப அந்தப் பேரைத் தொட்டா, இருதயமேரி திறந்து வைத்திருக்கிறார்னு சொல்லுது. நான்தான்பா இருதயமேரி. நான் திறக்கலையே!"

"அக்கா, நீங்கதான் முன்னாடி திறந்து வச்சிருக்கீங்க. சரியா மூடாம வந்திருப்பீங்க."

"நான் மூடலையா?"

"ஆமாக்கா. கம்ப்யூட்டர் பதிவுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப மறந்திருப்பேன் போல. வயசாகுதுல்ல தம்பி. ஒரு பக்கம் காய்ச்சல்காரங்க வாசல்ல நிக்காங்க..."

இப்படிப் பதினோரு தடவை. ஒவ்வொண்ணும் நோட்டுல இருக்கு. 'பயனர் சரியாக மூடவில்லை. ஆலோசனை கூறப்பட்டது.' நான் அதட்டிப் பேசலைங்க ஐயா. ஒரு தடவைகூட அதட்டலை. பொறுமையாத்தான் சொன்னேன். இப்ப நினைச்சா, அதட்டியிருந்தா அவங்களும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாங்களோன்னு தோணுது. நான் பொறுமையாச் சொல்லிச் சொல்லி, அவங்க நம்பிட்டாங்க.

பதினோராவது தடவை ஒரு வியாழக்கிழமை. தர்ஷிகான்னு எட்டாவது படிக்கிற பொண்ணு. காலையில பத்து நாப்பதுக்கு அக்கா அவ பேரைத் திறந்திருக்காங்க. எண்ணினதுல பத்தொன்பதாயிரம். அடிச்சிருக்காங்க. போகலை. கீழே டாக்டர் திரையில 'பரிசோதனையில்'னே நிக்குது. பன்னெண்டு அம்பத்தொண்ணுக்குத்தான் அந்தப் பூட்டு விட்டுச்சு. விட்டதும் அக்கா பாக்குறாங்க, எண்ணு இல்லை. உடனே அடிச்சாங்க. ஒரு மணி பத்துக்கு ஆம்புலன்ஸ் கிளம்புச்சு. ராத்திரிக்குள்ள மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க. மூணு நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை...

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

டாக்டரே சொன்னாருங்க ஐயா, ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு. எனக்கு முன்னாடிதான் சொன்னார். அதையும் எழுதி வச்சிருக்கேன். சில பிள்ளைங்க பத்தாயிரத்துலயும் எந்திரிச்சு வந்திருக்கு, சில பிள்ளைங்க முப்பதாயிரத்துலயே... சொல்ல முடியாதுன்னார்.

விசாரணை வச்சாங்க. கம்ப்யூட்டர் பதிவெல்லாம் எடுத்து ரிப்போர்ட் கொடுன்னு நிர்வாக அதிகாரி என்கிட்டக் கேட்டார். கொடுத்தேன். நாலு பக்கம். அதுல ஒரு அட்டவணை. பதினோரு வரிசை. நோயாளி பேரு, இருதயமேரி திறந்த நேரம், மூடின நேரம், நடுவுல எத்தனை நேரம் சும்மா இருந்துச்சு. எல்லாம் மெஷின் சொன்னது. என் சொந்தக் கருத்து ஒரு வார்த்தை கிடையாது. அதிகாரி படிச்சுட்டு, "தம்பி, கண்ணாடி மாதிரி இருக்குய்யா உன் ரிப்போர்ட்டு"ன்னார். அன்னிக்கு வீட்டுக்குப் போய் அப்பாகிட்டச் சொன்னேன், அதிகாரி பாராட்டினார்னு. எதுக்குப் பாராட்டினார்னு சொல்லலை.

அந்தக் கடைசிக் கட்டம் இருக்கே, எத்தனை நேரம் சும்மா இருந்துச்சுங்கிறது. ரெண்டு மணி பதினோரு நிமிஷம். அடுத்த வரிசை, ரெண்டு மணி பதினோரு நிமிஷம். அதுக்கடுத்தது, ரெண்டு மணி பதினோரு நிமிஷம். பதினோரு வரிசையும் அதேதான். நான் என் கையால டைப் பண்ணினேன். அழகா ஒரே நேர்ல நிக்குதேன்னுகூட நினைச்சேன்.

மனுஷங்க மறந்தா இப்படியாங்க ஐயா மறப்பாங்க? ஒரு நாள் பத்து நிமிஷம் மறப்பாங்க, ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் மறப்பாங்க. பதினோரு தடவையும் ஒரு நிமிஷம் கூடாம குறையாம மறக்கிற மனுஷங்க எங்கே இருக்காங்க? அது மெஷினோட கணக்கு. ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கும், அப்புறம் இருக்கியா இருக்கியான்னு ஒன்பது தரம் கேக்கும், பதில் இல்லைன்னா ஆளை விட்டுரும். எல்லாம் சேர்ந்து ரெண்டு மணி பதினோரு நிமிஷம். புத்தகத்துல இருக்கு. நான் படிச்சிருக்கேன். பரீட்சையிலகூட எழுதியிருக்கேன்.

அப்பத் தெரியலை. இந்த மார்ச் மாசம்தான் தெரிஞ்சுச்சு. நத்தம் பக்கம் புதுசா ஒரு கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் வைக்கப் போனேன். அங்கேயும் அதே சிம் பெட்டி. சோதிக்கிறதுக்காக ஒரு பேரைத் திறந்து வச்சுட்டு, எதிர்த்தாப்புல டீக்கடைக்குப் போனேன். சூடா பஜ்ஜி போட்டுட்டு இருந்தார். ரெண்டு சாப்பிட்டேன். திரும்பி வந்து டைப் பண்ணினா, எண்ணு நிக்குது, போகலை. மூடித் திறந்தேன். 'அழகுராஜா திறந்து வைத்திருக்கிறார்.'

நான் திறக்கலையேன்னு என் வாயில வந்துச்சு, ஐயா. சத்தமாவே வந்துச்சு. அந்த நர்ஸு திரும்பிப் பாத்துச்சு.

அப்படியே ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். வாட்ச்சைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன். கிளினிக் பூட்டணும் சார்னு அந்த நர்ஸு ரெண்டு தரம் கேட்டுச்சு. கொஞ்சம் இரும்மான்னேன். எத்தனை நேரத்துல பூட்டு விட்டுச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்னிக்கே வந்து அந்த வரியைச் சேர்த்துட்டேன். ரெண்டு நிமிஷம். பக்கத்துல இப்பக் காரணமும் முழுசா எழுதியிருக்கேன்: 'மலைக் கிளையின் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க.' அதுக்குக் கீழே, இருதயமேரி அக்காவுக்காகன்னு ஃபெலிக்ஸ் எழுதினதையும் அப்படியே வச்சுட்டேன். அந்த ஃபைலை இனிமே யாரு திறந்தாலும் அவங்க பேரு இருக்கும். அந்த அளவுக்குச் சரி பண்ணிட்டேன்.

யாருகிட்டச் சொன்னேனா? ஃபைல்ல எழுதியிருக்கேனே ஐயா. மறைக்கலை. யாரு வேணும்னாலும் படிக்கலாம்.

யாரு படிப்பாங்கன்னா... கம்ப்யூட்டர் செக்‌ஷன் படிக்கும். நான்தான்.

ஆனா மேல லேப் பூட்டிக் கிடக்கு. டிசம்பர்ல இருந்து பூட்டுதான். அந்த வேலைக்கு வேற ஆளு வர மாட்டேங்கிறாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்வர் குரல் கொடுக்கத் தயாரா இருக்கு. அந்தப் பக்கம் ஆள் இல்லை. ரத்தம் பாக்கணும்னா எல்லாரும் கீழேதான் வந்தாகணும். அந்தப் பஞ்சு நனைஞ்சிருக்கு பாருங்க, அழுத்திப் பிடிச்சுக்கங்க.

அக்காவை யாரும் வேலையை விட்டு எடுக்கலை. மெமோ கொடுத்தாங்க, விளக்கம் கேட்டு. அவங்க எழுதின பதிலை என் ரிப்போர்ட்டோட சேர்த்துக் கோப்புல வச்சிருக்காங்க. நான் படிச்சேன். முத்து முத்தா எழுத்து. 'மேற்படி பதினோரு தடவையும் நான் பக்கத்தை மூட மறந்திருப்பதாகக் கணினிப் பதிவில் உள்ளது. எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் கணினி பொய் சொல்லாது. சிறுமியின் எண்ணிக்கை போய்ச் சேர்ந்ததா என்று நான் சரிபார்த்திருக்க வேண்டும். என் கவனக்குறைவே காரணம். இனி இந்தப் பணிக்கு நான் தகுதியானவள் அல்ல.' கீழே கையெழுத்து. அதோட ராஜினாமா.

கணினி பொய் சொல்லாதுன்னு எழுதியிருக்காங்க.

ஆம்புலன்ஸ் ஓட்டுற பாக்கியநாதன் அண்ணன் மலைக்காரர்தான். அவர்தான் சொல்லுவார். அக்கா இப்ப வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போவாங்களாம், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பாங்களாம். மறுபடியும் போவாங்களாம், மறுபடியும் வருவாங்களாம். அடுப்பை அணைச்சேனான்னு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்து காட்டுவாங்களாம். ஞாயித்துக்கிழமை பூசையில வாசகம் வாசிக்கிறது அவங்கதானாம், எத்தனையோ வருஷமா. இப்பக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்களாம். வரி எதுவும் விட்டுப் போயிருமோன்னு பயமாம். பேரை வாய்விட்டுப் படிச்சுட்டு ஸ்லைடு வச்சவங்க, ஐயா. அந்தப் பொண்ணு வீட்டுத் தெரு வழியாப் போகவே மாட்டேங்கிறாங்களாம்.

அதனாலதான் அக்காவுக்குக் கடுதாசி எழுதியிருக்கேன். அந்தப் பையில இருக்கு. எல்லாம் தெளிவா எழுதியிருக்கேன், அந்த வரி, அந்த ரெண்டு மணி பதினோரு நிமிஷம், எல்லாம். நாலு தடவை எழுதிக் கிழிச்சு இது அஞ்சாவது. அதிகாரிக்கு ஒரு நகல் போட்டு வச்சிருக்கேன், அதுவும் பையிலதான் இருக்கு. இந்த பஸ்ஸுல வர்றது இது மூணாவது தடவை. முதல் தடவை கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ஸுல திரும்பிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கிப் பாதி தூரம் நடந்தேன். மழை வந்துருச்சு. சரி, மழை பெருசா இல்லை. தூத்தல்தான்.

நீங்க ஏன் எதுவுமே பேச மாட்டேங்கிறீங்க? பதில் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். இருந்தாலும் ஒரு 'ம்'மாவது...

ஒண்ணு இருக்கு.

நோட்டுல அந்த வியாழக்கிழமைப் பக்கத்துல இப்படித்தான் இருக்கும். 'காலை 11.10. இருதயமேரி. பக்கம் பூட்டியுள்ளது. ஆலோசனை கூறப்பட்டது.' ரிப்போர்ட்லயும் அதே வரிதான். பொய் இல்லை. ஆலோசனை கூறப்பட்டதுதான். என்ன ஆலோசனைன்னு எழுதலை.

பதினொண்ணு பத்துக்கு அக்கா கூப்பிட்டாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு இல்லை. அடிச்ச பத்தே நிமிஷத்துல கூப்பிட்டாங்க. அவங்க சரிபாத்தாங்க, ஐயா. சரிபாத்திருக்காங்க.

"தம்பி, மறுபடியும் பூட்டிக்கிச்சு. நான் அடிச்ச எண்ணு போயிருக்குமா, போகலையான்னு தெரியலைப்பா. டாக்டருக்குப் போன்ல ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா?"

எனக்கு அன்னிக்குக் கீழே பில்லிங்குல பிரிண்டர் தகராறு. வரிசையில நின்னவங்க சத்தம் போட்டுட்டு இருந்தாங்க. நான் சொன்னேன். "என்டர் அடிச்சீங்கல்லக்கா? அடிச்சிருந்தாப் போயிருக்கும். போன்ல சொல்லக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு, உங்களுக்குத்தான் பிரச்சினை வரும். அது தானா விடும், பொறுங்க."

"போயிருக்கும்ல?"

"போயிருக்கும்க்கா."

யாரோட எண்ணுன்னு நான் கேக்கலை. கேக்கணும்னு தோணலை. சரிப்பான்னு வச்சுட்டாங்க.

அந்தக் கடுதாசியில இது இல்லை, ஐயா. அஞ்சு தடவை எழுதினேன்ல, அஞ்சுலயும் இது இல்லை. அந்த வரி விட்டுப் போனது, மெஷின் பண்ணினது எல்லாம் எழுத வருது. இதை எழுத வரலை.

அக்காவும் எழுதலை. மெமோ பதில்ல ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்ல? கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல கேட்டேன், போயிருக்கும்னு சொன்னாங்கன்னு. எழுதியிருந்தா அன்னிக்கே என் வேலை போயிருக்கும். ஏன் எழுதலை? மறந்தா போச்சு? அவங்களா மறப்பாங்க? நான் புதுசு, சின்னப் பையன்னு விட்டுட்டாங்களா? இல்லை, என்கிட்டப் போன்ல கேக்கவே இல்லைன்னு அவங்களே நம்பிட்டாங்களா? அதைத்தான் கேக்கணும். ராத்திரி படுத்தா அந்த ஒண்ணுதான்.

தடியன்குடிசை தாண்டியாச்சு. அடுத்தது சர்ச் ஸ்டாப்பு. அக்கா வீடு அங்கேதான்.

இன்னிக்கு வேண்டாம்னு தோணுதுங்க ஐயா. அந்த விஷயம் இல்லாத கடுதாசியைக் கொண்டு போய்க் கொடுத்து என்ன? திரும்பப் போய் முழுசா எழுதிட்டு வர்றேன். அடுத்த மாசம் எனக்குப் பணி நிரந்தரம் ஆகுது. அது ஆயிட்டா எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும். அப்பாவுக்கும் முதுகு முடியலை, இந்த வருஷத்தோட மூட்டை வேண்டாம்னு சொல்லியிருக்கேன். ஆகட்டும். ஆனதும் வந்து...

எந்திரிச்சுட்டீங்க? உங்க ஸ்டாப்பும் இதுதானா? சொல்லவே இல்லையே. அப்போ உங்களுக்கு அவங்களை...

ஐயா. ஐயா, அது என் பை. உங்களோடது மேல இருக்கு பாருங்க, பச்சைப் பை. ரெண்டையும் எடுக்குறீங்களே. அது என்னோடதுங்க. கடுதாசி அதுலதான் இருக்கு. ஐயா, கையை மடக்காதீங்க, ரத்தம் வருது...

கண்டக்டர் அண்ணே, விசில் அடிச்சுராதீங்க. ஒரு நிமிஷம். அவர் என் பையை எடுத்துட்டு இறங்கிட்டார். இல்லைண்ணே, திருடு எல்லாம் இல்லை. அவர் எங்கேயும் ஓடலை. பாருங்க, கீழே நின்னு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கார்.

என்னங்க ஐயா? கேக்கலை, இன்ஜின் சத்தம்... இருக்கியான்னா கேக்குறீங்க?

இருக்கேன். இருக்கேங்க ஐயா.

டிக்கெட் கடைசி வரைக்கும் இருக்குண்ணே, பரவாயில்லை. கொஞ்சம் வழி விடுங்க. இறங்குறேன்.